காட்டுச் செடிகளில் இளம் பொறிவண்டுகளை இனங்காண: முழுமையான வழிகாட்டி

சிவப்பு முதுகில் கரும்புள்ளி வைத்த பொறிவண்டைச் சின்னக் குழந்தையும் அடையாளம் சொல்லும். அதே வண்டின் புழு ஒரு தண்டில் ஊர்ந்துகொண்டிருந்தால், விவரம் தெரிந்தவர்களே ஏதோ நச்சுப்பூச்சி என்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள். கறுத்து, முள் முள்ளாக, வேகமாக ஓடும் அந்த உருவத்துக்கும் உருண்டையான வண்டுக்கும் எந்த ஒற்றுமையும் தெரியாததுதான் காரணம். செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகளான அசுவினிகளைத் தின்று தீர்ப்பதில் புழுப் பருவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால் இந்தக் கொலை எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. புழுவைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. பலர் முதலில் நிறத்தைப் பார்த்துக் குழம்புகிறார்கள். என் பரிந்துரை இதற்கு நேர் எதிரானது. செடியையும் இரையையும் முதலில் பாருங்கள், அடுத்து கால்களை, அதற்கடுத்து முதுகின் முட்களை. நிறம் கடைசியில் வரட்டும். அப்போதும் நிறம் என்ன என்பதைவிட, அது உடலின் எந்தக் கண்டத்தில், அதாவது எந்த வளையத்தில், இருக்கிறது என்பதே முக்கியம்.

தேவையான பொருட்கள்

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கை லென்ஸ், மெல்லிய ஓவியத் தூரிகை, மூடியுள்ள சிறிய கண்ணாடிக் குப்பி, அருகில் வைத்துப் படமெடுக்கக்கூடிய கைபேசி ஆகியவை போதும். புழுவை விரலால் கிள்ளி எடுக்க வேண்டாம். தூரிகையின் நுனியை அதன் முன் நீட்டினால் தானாகவே ஏறிக்கொள்ளும். அச்சுறுத்தினால் சில புழுக்கள் உடலிலிருந்து மஞ்சள் நிறத் துளி ஒன்றைக் கசியவிடும். அது கசப்பும் வாடையும் உள்ள தற்காப்புத் திரவம். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, கையைக் கழுவினால் சரி.

முதல் படி: செடியில் வேறு யார் இருக்கிறார்கள்?

பொறிவண்டுக் குடும்பத்தில் உலகெங்கும் சுமார் 6,000 இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பான்மை வேட்டையாடிகள். தாய் வண்டு பெரும்பாலும் இரை இருக்கும் இடத்திலேயே முட்டையிடுகிறது. அதனால் புழுவைத் தேடுவதற்கு முன் இரையைத் தேட வேண்டும். எருக்கின் இளந்தண்டில் மஞ்சள் அசுவினிகள் அப்பிக்கிடக்கின்றனவா? காட்டு அவரைக் கொடியின் நுனியில் கறுப்பு அசுவினி மொய்த்திருக்கிறதா? புதர்க் கிளையில் செதில் பூச்சிகள் ஒட்டியிருக்கின்றனவா? கணுக்களில் மாவுப்பூச்சியின் வெண்பஞ்சு தெரிகிறதா? இலையின் அடியில் நுண்ணிய வலையும் சிலந்திப் பேன்களும் உள்ளனவா? இலை மேல் சாம்பல் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்திருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கான விடையே பாதித் தேடலை முடித்துவிடும். எல்லாப் பொறிவண்டும் எல்லாவற்றையும் தின்பதில்லை.

எறும்புச் சாரையும் நல்ல தடயம். அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி ஆகியவற்றின் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் வருகின்றன. ஆனால் எறும்புக் காவல் பலமாக இருக்கும் இடத்தில், மெழுகுப் போர்வை இல்லாத சாதாரணப் பொறிவண்டுப் புழுக்கள் குறைவாகவே தென்படும்.

தேடும்போது இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பாருங்கள். மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், இரு முனையும் கூர்ந்த முட்டைகள் செங்குத்தாக நெருங்கி நிற்பதைக் காணலாம். ஒரு கூட்டத்தில் பத்து முதல் ஐம்பது வரை இருப்பது சகஜம். வெப்பமான காலத்தில் மூன்று முதல் ஐந்து நாளில் பொரிந்துவிடும். பொரிவதற்குச் சற்று முன் முட்டை சாம்பல் நிறத்துக்கு மாறும். ஆனாலும் முட்டையை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள், ஏனெனில் சில இலை வண்டுகளும் இதே போல மஞ்சள் முட்டைகளைக் கூட்டமாக இடுகின்றன. மெல்லிய மயிரிழைக் காம்பின் உச்சியில் தனித்தனியாக நிற்கும் முட்டைகள் கண்ணாடி இறக்கைப் பூச்சிக்கு உரியவை.

இரண்டாம் படி: இது பொறிவண்டுப் புழுதானா?

லென்ஸில் பாருங்கள். பொறிவண்டுப் புழுவுக்கு ஆறு கால்கள், மூன்றும் மூன்றுமாக உடலின் முன்பகுதியில் இருக்கும். கால்கள் நீளமானவை, மேலிருந்து பார்த்தாலே பக்கவாட்டில் தெரியும். வயிற்றுப் பகுதியில் கால் கிடையாது. உடல் நடுவே அகன்று வால் பக்கம் குறுகிச் செல்லும். ஒட்டுமொத்தத்தில் சிறிய முதலைக் குட்டி போன்ற உருவம். தலை சிறியது, தாடைகள் மேலிருந்து தெரியாது, உணர்கொம்பு இருப்பதே கண்ணுக்குப் புலப்படாத அளவு குட்டை. நடக்கும்போது வால் நுனியை இலையில் ஒட்டிப் பிடிமானமாகப் பயன்படுத்தும். இந்தப் பழக்கத்தைச் சற்றுப் பொறுமையாகக் கவனித்தால் பார்க்கலாம்.

இதே செடியில் இதே இரையைத் தேடி வரும் மற்றவர்களோடுதான் குழப்பம் வருகிறது. கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவுக்கும் ஆறு கால்தான், அதுவும் அசுவினியைத் தின்பதுதான். வித்தியாசம் வாயில் இருக்கிறது: தலைக்கு முன்னால் அரிவாளாக வளைந்த இரண்டு நீண்ட தாடைகள் தெளிவாக நீட்டிக்கொண்டிருக்கும். நிறமும் பெரும்பாலும் வெளிர் பழுப்பு. இந்த ஒன்றை மட்டும் பார்த்துப் பழகினாலே பாதித் தவறுகள் குறையும்.

மலர் ஈயின் புழு அசுவினிக் கூட்டத்தின் நடுவே அட்டையாய் நெளியும். அதற்குக் காலே கிடையாது, தலையென்று தனியாக ஒன்றும் தெரியாது. இலையைத் தின்னும் கம்பளிப்பூச்சிக்கும் ரம்ப ஈயின் புழுவுக்கும் முன்பக்க ஆறு கால்களோடு வயிற்றிலும் சதைக் கால்கள் வரிசையாக இருக்கும். நீண்ட உணர்கொம்பும், தலைக்கடியில் மடங்கிய ஊசி மூக்கும் தெரிந்தால் அது நாவாய்ப்பூச்சி வகையின் இளம் பருவம்.

இலை வண்டுகளின் புழுதான் மிகவும் ஏமாற்றும். ஆறு கால், புள்ளிகள், திறந்த வெளியில் நடமாட்டம் எல்லாமே அதற்கும் உண்டு. ஆனால் அது பொதுவாகக் கொழுத்து, மந்தமாக, கூட்டமாக இலையைக் கடித்துக்கொண்டிருக்கும். பொறிவண்டுப் புழு தனியாக, அங்குமிங்கும் தலையை ஆட்டித் தேடியபடி ஓடும். அசுவினி ஒன்றும் இல்லாத இலையில் துளைகள் மட்டும் பெருகியிருந்தால் இலை வண்டையே முதலில் சந்தேகியுங்கள்.

மூன்றாம் படி: எத்தனையாவது பருவம்?

புழு நான்கு பருவங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் தோலுரிக்கிறது. பொரிந்த புழு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். முட்டை ஓட்டின் மீதே சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை கூட்டமாக அமர்ந்திருக்கும், பொரியாத முட்டைகளைத் தின்றுவிட்டே கிளம்பும். பெரிய இனங்களின் நான்காம் பருவப் புழு பத்து மில்லிமீட்டரை எட்டும். வெப்பநிலையையும் இரையையும் பொறுத்துப் புழுப் பருவம் முழுவதும் இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். உண்பதில் பெரும்பகுதி கடைசிப் பருவத்தில்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் பருவப் புழுவில் இன அடையாளம் தேடுவது வீண். பெரும்பாலானவை ஒரே மாதிரி கருத்தோ சாம்பல் நிறத்திலோ இருக்கும், வண்ணத் திட்டுகள் வந்திருக்காது. இரண்டாம், மூன்றாம் பருவங்களில் திட்டுகள் மெல்ல முளைக்கும், நான்காம் பருவத்தில்தான் முழு வடிவம் கிடைக்கும். புத்தகங்களிலும் இணையத்திலும் நீங்கள் காணும் படங்கள் பெரும்பாலும் நான்காம் பருவத்தவை. சிறு புழுவை அவற்றோடு ஒப்பிட்டால் தவறாகவே முடியும். சிறியதாக இருந்தால் இடத்தைக் குறித்துவைத்து, சில நாள் கழித்து வந்து பாருங்கள்.

நான்காம் படி: முதுகின் முட்களும் மேடுகளும்

புழுவின் ஒவ்வொரு வயிற்றுக் கண்டத்திலும் பொதுவாக ஆறு மேடுகள் குறுக்கு வரிசையில் இருக்கும்: நடு முதுகில் இரண்டு, அதற்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, ஓரத்தில் ஒவ்வொன்று. இந்த மேடுகளின் தோற்றம் இனக்குழுவைக் காட்டிக்கொடுக்கும். சிலவற்றில் வெறும் மயிர் முளைத்த சிறு குமிழ். சிலவற்றில் தடித்த கூம்பு. சிலவற்றில் கிளைவிட்ட முள்.

ஏழு புள்ளி வண்டான காக்சினெல்லா செப்டெம்பங்க்டேட்டாவின் புழுவில் மேடுகள் தாழ்வாக, குட்டை மயிர்களோடு இருக்கும். ஹார்மோனியா ஆக்சிரிடிஸ் என்ற பல வண்ண ஆசியப் பொறிவண்டின் புழுவிலோ அவை நிமிர்ந்த முட்களாகவே நிற்கும். நடு முதுகின் முள் நுனியில் மூன்றாகப் பிரியும், அதற்கு அடுத்தது இரண்டாகப் பிரியும். பத்து மடங்கு லென்ஸில் இது நன்றாகத் தெரிகிறது. நிறம் மங்கிய படத்திலும் இந்த முட்களை வைத்து இனத்தைச் சொல்ல முடிவது பெரிய உதவி.

கைலோகோரஸ் பேரினத்தின் புழுக்களில் முள் இன்னும் நீளம், பக்கவாட்டில் பல கிளைகள். இவை செதில் பூச்சி படிந்த கிளைகளிலும் பட்டைகளிலும் காணப்படும்.

ஐந்தாம் படி: கண்டத்தை எண்ணி நிறத்தை வாசித்தல்

இந்த வழிகாட்டியில் நீங்கள் மிக அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். "கறுப்புப் புழு, ஆரஞ்சுப் புள்ளி" என்ற விவரணையால் எந்தப் பயனும் இல்லை. பல இனங்கள் அப்படித்தான் இருக்கின்றன. புள்ளி எந்தக் கண்டத்தில், எந்த மேட்டின் மேல் என்று சொன்னால்தான் விடை வரும்.

எண்ணும் முறை எளிது. தலைக்குப் பின் வரும் மூன்று கண்டங்கள் மார்பு. ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி கால் இருப்பதால் அவற்றைத் தவறவிட மாட்டீர்கள். மூன்றாவது ஜோடிக் காலுக்கு அடுத்து வரும், காலில்லாத முதல் கண்டமே வயிற்றின் முதலாம் கண்டம். அங்கிருந்து வால் நோக்கி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். ஓடும் புழுவை எண்ண முடியாது. நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி நிதானமாக எண்ணுவதே சரி. சாய்ந்து எடுத்த படத்தில் ஓர மேடும் பக்க மேடும் ஒன்றாகத் தெரிந்து குழப்பும், ஆகவே பக்கவாட்டில் இன்னொரு படம் வேண்டும்.

இப்போது சில உதாரணங்கள். ஏழு புள்ளி வண்டின் முதிர்ந்த புழு நீலம் கலந்த கருஞ்சாம்பல் நிறம். வயிற்றின் முதலாம் கண்டத்திலும் நான்காம் கண்டத்திலும் இரு பக்கங்களிலும் ஆரஞ்சுத் திட்டுகள் இருக்கும், இடையிலுள்ள இரண்டு கண்டங்களும் வெறுமையாக இருக்கும். அந்த இடைவெளிதான் கையெழுத்து.

ஹார்மோனியா ஆக்சிரிடிஸ் புழுவில் இடைவெளி கிடையாது. முதலாம் கண்டம் முதல் ஐந்தாம் கண்டம் வரை இரு பக்கமும் தொடர்ச்சியான ஆரஞ்சுப் பட்டை ஓடும். நான்காம், ஐந்தாம் கண்டங்களின் நடு முதுகு முட்களிலும் ஆரஞ்சு நிறம் இருக்கும். கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இந்த வண்டு அசுவினிக் கட்டுப்பாட்டுக்காகக் கொண்டுசெல்லப்பட்டு இன்று வட அமெரிக்கா, ஐரோப்பா, தென் அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா எங்கும் பரவியிருக்கிறது. பல நாடுகளில் உள்ளூர் பொறிவண்டுகளை நெருக்கித் தள்ளுகிறது. எனவே இந்த இரண்டு புழுக்களையும் பிரித்தறிவது வெறும் பொழுதுபோக்கு அல்ல.

இரு புள்ளி வண்டான அடாலியா பைபங்க்டேட்டாவின் புழுவில் நான்காம் கண்டம் முக்கியம். அங்கே ஓரங்களில் மட்டுமின்றி நடு முதுகிலும் மஞ்சள் ஆரஞ்சுத் திட்டு இருக்கும். நடு முதுகு வெறுமையாக உள்ள ஏழு புள்ளி வண்டிலிருந்து இதைப் பிரிப்பது இதுவே.

குளிரில் வளர்ந்த புழுக்களில் கருமை கூடும், வெப்பத்தில் வெளிறும். தோலுரித்த சில மணி நேரத்துக்குப் புழு மஞ்சளாகவோ வெளிர் நிறமாகவோ இருக்கும். நிறத்தின் அளவை நம்பாமல் இடத்தை நம்புங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஆறாம் படி: வெள்ளை மெழுகு போர்த்தியவை

மாவுப்பூச்சி மொய்த்த கணுவில் ஒரு "பெரிய மாவுப்பூச்சி" மட்டும் நடந்து போகிறதா? நின்று பாருங்கள். கிரிப்டோலேமஸ் மான்ட்ரூசியேரி என்ற பொறிவண்டின் புழுவாக அது இருக்கலாம். உடல் முழுக்க நீண்ட வெண்மெழுகு இழைகள் தொங்கும், முதிர்ந்தபோது பதின்மூன்று மில்லிமீட்டர் வரை போகும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டு மாவுப்பூச்சியை ஒழிக்க 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பல நாடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மாவுப்பூச்சி என்று நினைத்து இதன் மீதே மருந்தடிப்பவர்கள் ஏராளம்.

பிரித்தறிய மூன்று வழிகள். மாவுப்பூச்சி மிக மெதுவாக நகரும், இது சுறுசுறுப்பாக நடக்கும். மாவுப்பூச்சியின் மெழுகு ஓரத்தில் ஒழுங்கான குட்டை இழைகளாக இருக்கும், இதற்கு நீளமாகவும் ஒழுங்கற்றும் இருக்கும். தூரிகையால் மென்மையாகப் புரட்டிப் பார்த்தால் வலுவான ஆறு கால்களும் கடிக்கும் தாடையும் தெரியும். மாவுப்பூச்சிக்கு இருப்பது உறிஞ்சும் மெல்லிய ஊசி.

இதே வேடத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவில் காண்பவை ஸ்கிம்னஸ் பேரினமாக இருக்கக்கூடும். எறும்புக் காவலுக்கு நடுவிலும் இவை துணிந்து உலவுவதற்கு அந்த மெழுகுப் போர்வையே பாதுகாப்பு. ஆனால் முதுகில் பலவிதக் குப்பைகளையும் சுமந்து, முன்னால் அரிவாள் தாடை நீட்டினால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு. சிலந்திப் பேன் உள்ள இலையில் ஓரிரு மில்லிமீட்டரே உள்ள கருஞ்சாம்பல் புழு ஊர்ந்தால் ஸ்டெத்தோரஸ் என்று கருதலாம். அதன் வண்டு புள்ளியே இல்லாத கறுப்புப் பொட்டு.

ஏழாம் படி: இலை தின்னும் பொறிவண்டுகள்

எல்லாப் பொறிவண்டும் வேட்டையாடி அல்ல. எபிலாக்னா கூட்டத்தைச் சேர்ந்தவை இலையையே உண்கின்றன. கண்டங்கத்திரி, மணத்தக்காளி போன்ற கத்தரிக் குடும்பச் செடிகளிலும், கோவைக் கொடி போன்ற சுரைக் குடும்பக் கொடிகளிலும் இவற்றை எதிர்பார்க்கலாம். புழு வெளிர் மஞ்சள், கொழுத்தது, மந்தமானது. முதுகெங்கும் கிளைவிட்ட முட்கள், பலவற்றில் நுனி கறுத்திருக்கும். இலையின் பச்சையத்தைச் சுரண்டி, நரம்பையும் மெல்லிய தோலையும் விட்டுவைக்கும். இலை சல்லடையாகக் காய்ந்து நிற்கும்.

முள் இருப்பதால் மட்டும் "இது இலை தின்னி" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கைலோகோரஸுக்கும் கிளை முள் உண்டு என்று முன்பே பார்த்தோம். மஞ்சள் உடலும் சுரண்டிய இலையும் சேர்ந்திருந்தால் எபிலாக்னா. செதில் பூச்சிக் கிளையில் கருமையான முள் உடல் இருந்தால் கைலோகோரஸ்.

சாம்பல் பூஞ்சை படர்ந்த இலையில் மஞ்சள் உடலில் வரிசையாகக் கரும்புள்ளி வைத்த, முள்ளற்ற புழு கிடைத்தால் அது பூஞ்சை தின்னும் சைலோபோரா போன்ற இனம். அது செடியைக் கடிப்பதில்லை. காட்டுச் செடியில் எபிலாக்னாவைக் கண்டாலும் கொல்ல வேண்டிய தேவை இல்லை. அங்கே அதுவும் உரிமையுள்ள குடிதான்.

எட்டாம் படி: கூட்டுப்புழுவும் புது வண்டும்

நான்காம் பருவம் முடியும்போது புழு உண்பதை நிறுத்தி, வால் நுனியை இலையிலோ தண்டிலோ ஒட்டிக்கொண்டு, கூனிக் குறுகி அசையாமல் நிற்கும். ஒரு நாள் அளவில் தோல் உரிந்து கூட்டுப்புழு வெளிப்படும். பட்டு நூல் கூடு ஏதும் கிடையாது, திறந்த வெளியிலேயே இருக்கும். உரிந்த புழுத்தோல் ஒட்டிய முனையில் சுருண்டு கிடக்கும். அந்தத் தோலைத் தவறாமல் லென்ஸில் பாருங்கள், ஹார்மோனியாவின் முட்கள் அதிலும் அப்படியே இருக்கும். கைலோகோரஸில் புழுத்தோல் முழுவதும் கழலாது, வெடித்த தோலுக்குள்ளேயே கூட்டுப்புழு தங்கும். தூரிகையால் தொட்டால் பல கூட்டுப்புழுக்கள் முன்பகுதியை விருட்டென்று உயர்த்தும். உயிரோடு இருப்பதற்கு அது அடையாளம்.

அசையாமல், உலர்ந்து, பழுப்பாக, இலையோடு ஒட்டிய புழுவின் உடலில் வட்டத் துளை தெரிந்தால் ஒட்டுண்ணிக் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். ஹோமலோட்டைலஸ் என்ற சிறு குளவி பொறிவண்டுப் புழுவுக்குள் வளரக்கூடியது.

நான்கு முதல் பத்து நாளில் வண்டு வெளிவரும். வந்த உடனே அது மஞ்சளாக, மென்மையாக, புள்ளியே இல்லாமல் இருக்கும். இதை வேறொரு இனம் என்று பதிவு செய்வது அடிக்கடி நடக்கிறது. சில மணி நேரத்தில் புள்ளிகள் தோன்றும், சிவப்பு ஆழமாக இன்னும் பல நாள் பிடிக்கும். புள்ளியை எண்ணி வண்டின் வயதைச் சொல்லலாம் என்பது தவறான நம்பிக்கை. புள்ளி எண்ணிக்கை வயதோடு கூடுவதில்லை.

ஒன்பதாம் படி: ஐயம் தீரவில்லையா? வளர்த்துப் பாருங்கள்

பல இனங்களின் புழுக்களுக்கு நல்ல விளக்கப் படம்கூடக் கிடைக்காது. அப்போது வளர்த்து வண்டாக்கிப் பார்ப்பதே உறுதியான வழி. நான்காம் பருவப் புழுவைத் தேர்ந்தெடுங்கள், காத்திருப்பு குறையும். குப்பிக்கு ஒன்று என்பதில் சமரசம் வேண்டாம். பசித்த புழு பக்கத்துப் புழுவைத் தின்றுவிடும். குப்பியின் அடியில் மெல்லிய காகிதத்தை விரித்து, வாய்க்கு மெல்லிய துணியைக் கட்டுங்கள். அதே செடியிலிருந்து அதே இரை உள்ள துண்டைத் தினமும் புதிதாக வையுங்கள். வேறு அசுவினி கொடுத்தால் சில நேரம் தின்னாது, தின்றாலும் நலிந்துபோகலாம். ஏனெனில் எருக்கின் மஞ்சள் அசுவினி போன்றவை செடியின் நஞ்சைத் தம் உடலில் ஏற்றிவைத்திருக்கின்றன. நேர் வெயில் படக் கூடாது, நீர்த்துளி தேங்கவும் கூடாது. கூட்டுப்புழுவானதும் அதை அசைக்காதீர்கள்.

வண்டு வந்த மறுநாள் படம் எடுத்து, எடுத்த செடியிலேயே விட்டுவிடுங்கள். வேறு ஊருக்குக் கொண்டுபோய் விடுவது கூடாது.

குறிப்பேட்டில் தேதி, இடம், செடியின் பெயர், இரை, புழுவின் நீளம், திட்டுகள் உள்ள கண்டங்களின் எண், முட்களின் தன்மை ஆகியவற்றை எழுதுங்கள். உயிரினங்களின் படங்களைப் பகிர்ந்து இனங்காணும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொது இணையதளத்தில் பதிவிடும்போது மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, இரையோடு ஒன்று, செடியோடு ஒன்று சேர்த்தால் மற்றவர்களால் உறுதி செய்ய முடியும். இனம் தெரியவில்லை என்றால் "பொறிவண்டுக் குடும்பம், நான்காம் பருவப் புழு, எருக்கில், மஞ்சள் அசுவினியோடு" என்று எழுதி நிறுத்துங்கள். ஊகித்து எழுதிய இனப்பெயரைவிட அந்தப் பதிவே ஆய்வாளருக்குப் பயன்படும்.